உண்டியலா, உரிமையா?

காரைக்கால் வட்டாரத்தின் வடகோடியிலே இருக்கிறது பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. இப்பால் புதுச்சேரி அரசு. அந்த ஊரிலே, அன்றாடம் கூலிக்குப் போய் அடுப்பெரிக்கும் ஒரு தோழரின் வீட்டில் தொட்டில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

குழந்தை கண்ணாலே பேசுகிறது. பொக்கை வாய் திறந்து சிரிக்கிறது. ஆனால் காலை உதைக்கவில்லை. கையைத் தூக்கவில்லை. அழுகையிலே வலுவில்லை. பால் குடிப்பதற்குள் களைத்துப் போகிறது. பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டுகிறாள். "பெற்றவள் செய்த பாவம்" என்கிறது தெரு. பத்து மாதம் பிள்ளையைச் சுமந்தவள், இப்போது பழியையும் சேர்த்துச் சுமக்கிறாள். கடைசியில் பெரிய மருத்துவமனையிலே நோயின் பெயரைச் சொல்கின்றனர்: முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு, சுருக்கமாக எஸ்.எம்.ஏ.

பாவமும் இல்லை, சாபமும் இல்லை, தோழர்களே! தசையை இயக்கும் நரம்பணுக்கள் வாழ ஒரு புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு பழுதானால் நரம்பு சாகிறது, தசை மெலிகிறது, முடிவிலே மூச்சுக்குரிய தசையும் ஓய்கிறது. தாயிடம் ஒரு பழுது, தந்தையிடம் ஒரு பழுது மறைந்திருக்கும். இருவரும் நலமாகவே இருப்பர். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் நோய். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உலகக் கணக்கில், பிறக்கும் 10,000 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இது வருகிறது. கடுமையான வகை தாக்கி மருந்தும் கிட்டாவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

மருந்தே இல்லையா? இருக்கிறது! 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோல்ஜென்ஸ்மா, ஒரே ஒரு முறை செலுத்தும் மருந்து. 2021இல் அதன் விலை நம் பணத்தில் 16 கோடி ரூபாய்! நாளுக்கு 500 ரூபாய் கூலி பெறும் தொழிலாளி, ஒரு நாளும் ஓயாமல், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் 876 ஆண்டுகள் ஆகும். சோழர் காலத்திலே வேலைக்குப் புறப்பட்டிருந்தால்தான் இன்று மருந்து வாங்கலாம்!

அந்த 2021இல், நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்துக் குழந்தை ஒன்றுக்காக மக்கள் அள்ளிக் கொடுத்தனர். 16 கோடி சேர்ந்தது. அதற்கு மேல் ஏறத்தாழ 6 கோடி வரி! வேண்டுகோள்கள் எழுந்த பிறகே ஒன்றிய அரசு வரியைத் தள்ளியது. அதே ஆண்டு கேரளத்துக் கண்ணூர் மாவட்டம் மாட்டூலில், ஒரு சிறுவனுக்காக ஒரே வாரத்தில் 18 கோடி திரண்டது. கொடுத்த கைகளைப் போற்றுகிறோம். ஆனால் படம் பரவிய பிள்ளை பிழைக்கும். படம் பரவாத பூவத்துப் பிள்ளை?

ஒன்றிய அரசு 2021இல் அரிய நோய்களுக்கென ஒரு கொள்கை வகுத்தது. 2022இல் உதவியின் வரம்பை 50 இலட்சமாக உயர்த்தியது. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 16 கோடியில் அது 32இல் ஒரு பங்கு. மீதிக்கு? பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட ஓர் இணையதளத்தை அரசே திறந்தது! கோயிலில் கண்ட உண்டியலைக் கோட்டையிலும் கண்டோம்.

விலை என்ன, இயற்கை விதித்த விதியா? அல்ல, மனிதன் போட்ட கணக்கு. இதே நோய்க்கு வாய்வழி கொடுக்கும் மருந்து ரிஸ்டிப்லாம். சுவிட்சர்லாந்தின் ரோச் நிறுவனம் காப்புரிமை பேசிற்று. ஒரு புட்டி ஏறத்தாழ 6 இலட்சம். ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தது. வழக்கு நடந்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அக்டோபரில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. புட்டியின் விலை 15,900 ரூபாயாக இறங்கிற்று! அதுவும் ஏழைக்கு எளிதன்று. நாள்தோறும், ஆயுள் முழுதும் கொடுக்க வேண்டிய மருந்து அது. ஆனால் 6 இலட்சம் எங்கே, 15,900 எங்கே? இடையிலே இருந்தது நோயல்ல, இலாபம்!

சட்டத்திலே வழியும் இருக்கிறது. 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கி, மாதம் 2,80,000 ரூபாயாக இருந்த விலையை 8,880 ஆக்கிக் காட்டியது இதே நாடு. அந்தக் கருவியை ஏன் உறையிலேயே வைத்திருக்க வேண்டும்?

ஆகவே நாம் கேட்கிறோம்: பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இந்நோயைச் சோதியுங்கள். அமெரிக்கா 2018இலேயே இதைப் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. செத்த நரம்பை எந்த மருந்தும் மீட்காது; முந்திக் கண்டால்தான் வாழ்வு. மலிவு விலை மருந்தை அரசே மொத்தமாக வாங்கி, விலையின்றி வழங்கட்டும். இறங்க மறுக்கும் விலைக்குக் கட்டாய உரிமத்தைக் காட்டட்டும்.

தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. பிள்ளை காலை உதைக்கவில்லையா? கயிறு கட்டிக் காத்திராதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். பெற்றவளைப் பழிக்கும் வாயை அந்த இடத்திலேயே அடக்குங்கள். பூவத்துத் தொட்டிலுக்குத் தேவை இரக்கம் மட்டுமல்ல, உரிமை!