தரை வீசும் வெயில்

சுவரைச் சுடுவது வானத்து வெயில் மட்டுமன்று. தரையிற் பட்டுத் திரும்பும் வெயிலும் சுடும். நண்பகலில் முற்றம் நோக்கிய சாளரத்தருகே ஏடு புரட்டுவோர்க்கு அவர்தம் கண்கூசுதலே சான்று. ஆயினும், கட்டடம் எழுமுன்னரே அதன் வெப்பத்தையும் மின்செலவையும் கணினியிற் கணித்துக் காணும் இக்காலத்தார் பலர், தரை வெயிலை ஒரே எண்ணால் அளந்து அமைகின்றனர். அவ்வெண் 0.2.

தரைமேல் வீழும் வெயிலில் ஐந்திலொரு பங்கு திரும்பும் என்பது இதன் பொருள். நேர்நிற்குஞ் சுவரின் எதிரே பாதி வானும் பாதி நிலமும் ஆதலின், திரும்பியதிற் பாதி அளவே சுவரைச் சாரும். சதுர மீட்டருக்கு 900 வாட் தரையில் வீழுங்கால் சுவர் பெறுவது 90 வாட். புற்றரைக்கு இஃது ஏறக்குறையப் பொருந்தும். புதிய சிமெண்டுத் தளத்திற்கு 0.35 எனக் கொள்ளின் 157 வாட்டுக்கு மேலாம். புதிய தார்ச்சாலைக்கோ 0.05 அளவே. நிலத்தை ஐந்திணையாக வகுத்துப் பயிலும் எம்மனோர்க்கு இவ்வொற்றை எண் நகையே விளைக்கின்றது.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் 2001-இல் வெளிவந்த எனர்ஜிபிளஸ் என்னும் மென்பொருளில் திங்கள்தோறும் வேறெண் இடலாம். இடாதார்க்குப் பன்னிரு திங்களும் 0.2 தான். பனி மூடிய நிலத்திற்குத் தனித் திருத்தமும் உண்டு. நிழலின் நிலையோ வேறு. எதிரொளியை விரிவாகக் கணிக்கும் முறையைத் தேர்ந்தாலன்றி, தரை முழுதும் நிழலின்றி வெயிலிற் கிடப்பதாகவே அது கொள்ளும்.

இதனால் யாது கேடு என்பார்க்கு ஒன்று கூறுவோம். சென்னையில் ஏப்ரல் இறுதியில் நண்பகற் கதிரவன் உச்சியில் நிற்பான். அப்பொழுது நேர்கதிர் சுவரை உராய்ந்தே செல்லும். சுவரைத் தாக்குவன வானொளியும் தரையொளியுமே. யாம் அறிந்த விடுதியொன்றில் முன்றிலின் வேம்புகளை வெட்டிச் சிமெண்டுத் தளம் இட்டனர். முன்னும் பின்னும் 0.2 என்றே எழுதுங்கால், தரை வெயிலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விடை. வேம்புகள் இருந்தமைக்கும் போனமைக்கும் கணக்கில் வேற்றுமையே இல்லை! அறையில் இருந்தோர் அவ்வாறு கூறார்.

தரையின் இயல்பு நிலையாதென்றும், மழையில் நனைந்தும் அழுக்கேறியும் மாறுமென்றும், ஆதலின் நடுத்தர எண்ணே தக்கதென்றும் பொறியியல் பயிலும் நண்பர் எம்மை மறுத்தார். மாறுதல் உண்மையே, சிமெண்டும் நாளடைவில் மங்கும். ஆயின் அது தரையைப் பாராது விடுதற்குக் காரணமாகாது. கட்டடம் வரைவோர் முன்றிலிற் சென்று நின்று, தரை இன்னது, நிழல் இத்துணை, யாம் கொண்ட எண் இது என வரைபடத்தோடு எழுதித் தருக. அவ்வளவே யாம் வேண்டுவது.