டைம் இம்மெமோரியலுக்கும் தேதி உண்டு!



எந்தத் தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னாலும் பிள்ளைகள் சிலர் 'ஃப்ரம் டைம் இம்மெமோரியல்' என்றுதான் தொடங்குவார்கள். மெமரி என்றால் நினைவு. இம்மெமோரியல் என்றால் நினைவுக்கு எட்டாதது. நம் தமிழில் 'தொன்றுதொட்டு', 'காலங்காலமாக' என்கிறோமே, அதேதான்.

ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு தேதியே உண்டு. 1189 செப்டம்பர் 3. முதலாம் ரிச்சர்ட் மன்னர் முடிசூடிய நாள். 1275-இல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், நில வழக்குகளில் அவர் ஆட்சிக்கு முன்னால் போக வேண்டாம் என்று எல்லை போட்டது. அதற்கு முந்தியதெல்லாம் 'நினைவுக்கு எட்டாத காலம்' ஆனது.

இதில் ஒரு சுவையான வழக்கு. ஓர் ஊர்ப் பாதிரியார் திருமணத்துக்கு 13 ஷில்லிங் கட்டணம் கேட்டார். 'தொன்றுதொட்டு வரும் வழக்கம்' என்றார். பல பத்தாண்டுகளாக வாங்கியதற்குச் சான்றும் இருந்தது. 1860-களில் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 1189-இல் 13 ஷில்லிங் என்பது மிகப் பெரிய தொகை, அன்று யாரும் அவ்வளவு கொடுத்திருக்க முடியாது, ஆகவே இது தொன்றுதொட்டு வந்த வழக்கமே அல்ல என்று தள்ளிவிட்டது!

எனக்குப் பிடித்தது இதுதான். 'காலங்காலமாக' என்று ஒருவர் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளாமல், 'எந்தக் காலத்திலிருந்து?' என்று கேட்டார்கள்.

அதே ஆங்கிலேயர் ஆட்சியில் நம் பக்கம் நடந்ததையும் பாருங்கள். கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் வரக் கூடாது என்று வழக்குப் போட்டவர்கள் காட்டிய காரணம், பழைய வழக்கம். 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அதுவே நின்றது. ஆனால் 1939-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். அசைக்க முடியாது என்ற வழக்கம் 31 ஆண்டுகளில் அசைந்தது.

பழையது எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏரியைப் பொதுவில் காப்பதும் பழைய வழக்கம்தான். நல்லது என்றால் அதற்குக் காரணம் சொல்ல முடியும். காரணம் சொல்ல முடியாதபோதுதான் 'காலங்காலமாக' தேவைப்படுகிறது.

ஆகவே, பேரப்பிள்ளைகள் 'எப்போதிலிருந்து தாத்தா? ஏன்?' என்று கேட்டால் அதட்டாதீர்கள். பதில் சொல்லுங்கள்.