ஓடிப்போக பஸ் காசு இல்லாதவரைத்தான் 'ஓடிடுவார்'னு உள்ளே வெச்சிருக்கோம்!

யாருக்காவது ஜாமீன் கிடைச்ச செய்தி போட்டா போதும், கமெண்ட்ல ரெண்டு கோஷ்டி வந்துடும். "பொய் கேஸ்னு நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு ஒண்ணு. "காசு குடுத்து வெளிய வந்துட்டான்"னு இன்னொண்ணு. ரெண்டும் தப்பு. ஜாமீன் உத்தரவு தீர்ப்பே இல்ல.

ஜாமீன் மனுவில் நீதிபதி சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில்லை. வழக்குக்கு முகாந்திரம் இருக்கா, குற்றம் எவ்வளவு கடுமையானது என்று பார்ப்பார். அப்புறம் மூணு கேள்வி: வெளியே விட்டா ஓடிடுவாரா? ஆதாரத்தை அழிப்பாரா? சாட்சியை மிரட்டுவாரா? (உபா மாதிரி சட்டங்கள்ல கணக்கே வேற. அது தனிப் பதிவு.)

இதுல முதல் கேள்விதான் ஏழைக்கு வில்லன். வசதியானவர் பாஸ்போர்ட்டை ஒப்படைப்பார், சொத்துள்ள ரெண்டு பேரை ஜாமீனுக்கு நிறுத்துவார், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார். கூலிக்காரர் எங்க போவார்?

1978-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதிராம் வழக்கைத் தேடிப் படிங்க. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தாச்சு. ஆனா கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவுல ஒருத்தர் முன்வந்தார். அவர் சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு அதையும் நிராகரிச்சார். நீதிபதி கிருஷ்ணய்யர் கொதிச்சுப் போனார். ஒரு தமிழர் பஸ்தரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானா உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்னு கேட்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

இப்போ அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுங்க. திருப்பூர்ல வேலை பார்க்கிற பீகார் தொழிலாளிக்கு யார் சொத்து வரி ரசீதோட கோர்ட்டுக்கு வருவா?

"அப்போ போன்ல லொகேஷன் வெச்சுக் கண்காணிக்கலாமே"ன்னு என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. டெல்லியில ஒரு நைஜீரியருக்கு அப்படித்தான் கூகுள் மேப்ல பின் போடணும்னு நிபந்தனை வெச்சாங்க. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பார்த்துட்டே இருக்கிறது அந்தரங்க உரிமை மீறல்னு சொன்னது. அந்தப் பின்னால நேரலையா கண்காணிக்கவும் முடியாதுன்னு கூகுளே விளக்கம் கொடுத்தது தனிக் கதை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நம்ம நாட்டுச் சிறைகளில் நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்கள் இல்ல.

இதுல நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஜாமீன் கிடைச்சு 7 நாள்ல ஒருத்தர் வெளியே வரலைன்னா, சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கணும்னு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஒரு மாசமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கலைன்னா நிபந்தனையைத் தளர்த்துறதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனையைத் தவிர்க்கலாம்னும் சொல்லியிருக்கு.

உங்க வார்டுல அப்படி யாராவது உள்ளே இருக்காங்களா? இலவச சட்ட உதவிக்கு 15100. அந்தக் குடும்பத்துக்கு இன்னிக்கே போன் போட்டுக் குடுங்க.