கணனித் தூரிகை: அம்மாவின் முகத்துக்கு எந்தப் பிரஷ்?

சென்ற மாதம் லேயர்களைப் பற்றிப் பார்த்தோம். அதைப் படித்த வாசகி ஒருவர், கிரிட்டா மென்பொருளைத் திறந்தால் நூற்றுக்கும் அதிகமான பிரஷ்கள் வந்து நிற்கின்றன, எதை எடுப்பது என்றே விளங்கவில்லை என எழுதியிருக்கிறார். புடவைக் கடையில் எல்லாச் சேலைகளையும் விரித்துப் போட்டால் கண் கட்டிவிடும் அல்லவா, அப்படித்தான் இதுவும். என் பதில் நான்கு பிரஷ் போதும் என்பதே. அந்த நான்கு எவை என்பது நீங்கள் வரையப்போகும் பொருளைப் பொறுத்தது.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது முகங்கள். இறந்துபோன தாயின் படம், 31ஆம் நாள் நினைவு மலருக்கு அல்லது வீட்டுச் சுவருக்கு. இடம்பெயர்வில் அல்பங்கள் தொலைந்த குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது பழைய அடையாள அட்டையில் உள்ள சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு வரைய வேண்டும்.

அண்மையில் ஒரு சகோதரி, வேறோரிடத்தில் வரைவித்த தன் தாயின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல சட்டம், நல்ல கடதாசி. ஆனால் 68 வயதில் இறந்தவரின் முகம் பிளாஸ்டிக் பொம்மை போல வழுவழுப்பாக இருந்தது. நெற்றிக் கோடு இல்லை, கன்னத்து மடிப்பு இல்லை. “இது அம்மா இல்லை அக்கா” என்றார். அந்தப் படத்தை அவர் சுவரில் மாட்டவேயில்லை.

இப்படி நேர்வதற்குக் காரணம், மென்மையான ஏர்பிரஷ், ஸ்மட்ஜ் இரண்டையும் முகம் முழுவதும் தேய்ப்பதுதான். நிறங்கள் அழகாகக் கலக்கின்றன என்று கைக்கு இதமாக இருக்கும். தோலின் சொரசொரப்பு அதோடு போய்விடும்.

கணனிப் பிரஷ் உண்மையில் ஒரு முத்திரை. நாம் கோடு இழுக்கும்போது அது இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் குத்துகிறது. இடைவெளி மிகக் குறைவாக இருப்பதால் நமக்குக் கோடாகத் தெரிகிறது. முத்திரையின் வடிவம் வட்டமாக, மென்மையாக இருந்தால் தடம் வழுவழுப்பாகும். சோக், கரி, தூரிகை மயிர் போன்ற வடிவமானால் தடத்தில் இடையிடையே வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தினூடாகக் கீழேயுள்ள நிறம் எட்டிப் பார்ப்பதுதான் நாம் தேடும் சொரசொரப்பு. சில பிரஷ்களில் கடதாசியின் மேடுபள்ளமும் சேர்ந்திருக்கும். மெதுவாக அழுத்தினால் மேடுகளில் மட்டும் நிறம் படும்.

ஆகவே முகத்துக்கு நான் எடுப்பவை: ஓரம் தெளிவான வட்டப் பிரஷ், சோக் போன்றது ஒன்று, மயிர்த் தடமுள்ளது ஒன்று, சொரசொரப்பான கலப்புப் பிரஷ் ஒன்று. ஏர்பிரஷ்ஷை, பின்னணிக்கு வேண்டுமானால், தொடுவேன்.

கலப்பதிலும் ஒரு முறை உண்டு. வெளிச்ச நிறம், நிழல் நிறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சோக் பிரஷ்ஷால் மெதுவாக ஒருமுறை இழுங்கள். இடைப்பட்ட நிறம் ஒன்று பிறக்கும். கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அந்த நிறத்தின் மேல் கிளிக் செய்தால் அது உங்கள் பிரஷ்ஷுக்கு வந்துவிடும். அதை எடுத்துப் பூசி, மறுபடி எடுத்து, மறுபடி பூசுங்கள். தேய்ப்பதை விட நேரம் கூடுதலாக எடுக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடமும் தோலாகவே நிற்கும்.

சுருக்கத்தைக் கறுப்புக் கோடாக இழுத்துவிடாதீர்கள். அது ஒரு மடிப்பு. மடிப்பின் ஒரு பக்கம் கூர்மையாக முடியும், மறுபக்கம் மெல்ல மெல்ல வெளிச்சத்தில் கரையும். கூர்மையான பக்கத்தை வட்டப் பிரஷ்ஷால் போட்டு, மற்றப் பக்கத்தை மட்டும் கலப்புப் பிரஷ்ஷால் தொடுங்கள். கண்ணிமைக் கோடு, மூக்குத் துவாரம் கூர்மையாகவே இருக்கட்டும். கன்னம் வளைகிற இடந்தான் மென்மை கேட்கும்.

நிறம் பற்றியும் சொல்லவேண்டும். நம்முடைய மாநிறத் தோலுக்கு நிழலில் கறுப்பையும் வெளிச்சத்தில் வெள்ளையையும் கலந்தால் சாம்பல் பூசியது போலாகிவிடும். நிழலைச் செம்மண் சார்ந்த கடும் கபிலத்துக்குக் கொண்டுபோங்கள். நெற்றியிலும் மூக்கிலும் விழும் ஒளிக்கு மஞ்சள் கலந்த இளங்கபிலம் பொருந்தும். ஜன்னல் வெளிச்சமானால் சற்று நீலம் சேரும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்பதால், இறந்தவரின் தங்கையையோ மகளையோ பகல் வெளிச்சத்தில் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அதைவிடச் சிறந்த மாதிரி கிடையாது.

அட்டையை ஸ்கேன் செய்யும்போது 1200 டிபிஐயில் எடுங்கள். படத்தின் மேல் விழுந்த முத்திரையையும் பிளாஸ்டிக் உறையின் கீறலையும் முகத்தின் கோடு என்று நினைத்து வரைந்துவிட வேண்டாம். சந்தேகமானால் வீட்டாரிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் மச்சம், சிரித்தால் எந்தக் கன்னம் குழியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அழுத்தத்தை உணரும் பேனா இல்லாமல் மவுஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் மனந்தளர வேண்டாம். கிரிட்டாவில் ‘ஐ’ எழுத்து விசை நிறத்தின் அடர்த்தியைக் குறைக்கும், ‘ஓ’ கூட்டும். இடது கை அந்த விசைகளிலேயே இருக்கட்டும். மென்பொருள் இலவசம் என்பதால் பணத்தைச் சேமித்துப் பின்னர் ஒரு சிறிய பேனாப் பலகை வாங்கிக்கொள்ளலாம்.

ஏ4 அளவில் அச்சிடுவதானால் 2480க்கு 3508 பிக்சல் தாளில் தொடங்குங்கள். மிகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வரைந்தால் நுணுக்கமெல்லாம் அச்சில் காணாமற் போகும். இடையிடையே சிறிதாக்கி, எழுந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். முடிந்ததும் முதலில் சாதாரணக் கடதாசியில் ஒரு பிரதி எடுத்து, அவரோடு வாழ்ந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

நரைத்த தலைமுடியை எப்படி வரைவது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது அடுத்த இதழில்.