தந்தையின் பெயர் மட்டும் போதாது

எங்கள் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் எழுதுவதற்கென்று நெடுங்காலமாக ஒரு நடை இருந்து வருகிறது. அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அருமைத் தந்தையும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் பேரனாரும் ஆவார் என்று அது செல்லும். இறுதியில் கிரியை நடைபெறும் நாளும் இடமும் இருக்கும். செய்தி மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்து இத்தகைய அறிவித்தல்களைச் சரிபார்த்தவன் என்ற முறையில் இந்த நடையை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. யுத்த காலத்தில் நாடு நாடாகச் சிதறிய உறவினர் பலர், தமது சொந்த மாமனோ சித்தப்பாவோ இறந்த செய்தியை இதன் வழியாகவே அறிந்துகொண்டனர்.

ஆயினும் இதில் ஒரு பெருங்குறை உண்டு. இறந்தவர் யாருக்கு என்ன முறை என்பது முழுமையாகத் தெரியும். அவர் எப்படி வாழ்ந்தார், எதில் வல்லவராக இருந்தார், ஓய்வு கிடைத்தால் எங்கே போனார் என்பது ஒரு வரிகூடத் தெரியாது. ஆங்கிலப் பத்திரிகைகளின் நினைவுக் குறிப்பு இதற்கு மாறானது. குடும்பத்தின் மீது பற்று மிக்கவர், காடு மலை சுற்றுவதிலும் மீன் பிடிப்பதிலும் விருப்பம் கொண்டவர் என்றெல்லாம் அதில் மனிதரைப் பற்றிய நாலு சங்கதிகள் இருக்கும். இலங்கையின் மத்திய மலைநாட்டில் இத்தகைய குறிப்புகள் யாருக்கு எழுதப்பட்டன, யாருக்கு எழுதப்படவில்லை என்பதே இங்கு நான் பேச விரும்பும் விடயம்.

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய மயானத்தில் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. ஊவாப் பகுதியில் அதிகாரியாக இருந்த அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் சுட்டுக் கொன்ற யானைகளின் எண்ணிக்கை 1,400க்கும் மேல் என்று எமர்சன் டெனன்ட் தமது நூலில் எழுதியிருக்கிறார். கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று ஊரார் கதை சொல்வார்கள். ஒரு மனிதர் இறந்து 180 ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய பெயர், பதவி, இறந்த விதம், அவர் கொன்ற யானைகளின் தொகை எல்லாம் நமக்குத் தெரிகிறது.

அவருக்குப் பின் வந்தவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் 1855 வரை மனைவி ஹென்ரியெட்டாவுடனும் குழந்தைகளுடனும் நுவரெலியாவில் வாழ்ந்து, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்க முயன்றவர். மலைநாட்டில் தாம் ஆடிய வேட்டைகளைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். அவற்றின் தயவால் ஸ்மட், கில்பக் என்ற அவருடைய வேட்டை நாய்களின் பெயர்களைக்கூட இன்று நாம் அறிவோம்.

அதே ஆண்டுகளில் தமிழகத்தின் திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் போன்ற பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து, கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றுகொண்டிருந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? துரையின் நாய்க்குப் பெயர் இருக்கிறது. அந்தத் துரைமாருக்குப் பாதை வெட்டியவனுக்குப் பெயர் இல்லை. 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றபோது, அவர்கள் நினைவுகூர்ந்தது பெரும்பாலும் பெயரறியாத மூதாதையரையே.

இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. தந்தையைப் பற்றிய பதிவு இல்லாமற் போனதற்கு மலையக மக்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆவதற்குத் தமது தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும் என்றது. அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்த ஒருவரின் பிள்ளை அதற்கான கடதாசிக்கு எங்கே போவான்? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த நீண்ட கதைக்குச் சட்டரீதியான முடிவு 2003இல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து, ஒரு பாதி நீலகிரியிலும் மறுபாதி நுவரெலியாவிலுமாகிவிட்டன.

இந்தப் பின்னணியில் நானறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு தோட்டத்தில் அவர் கவ்வாத்துக்காரராக இருந்தார். குடும்பத்தாரின் தனிமையைக் கருதிப் பெயரைத் தவிர்க்கிறேன். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தறித்துவிடும் வேலை. பெரும்பாலும் ஆண்கள் செய்வது. கத்தி சற்றுத் தவறினாலும் செடி கெட்டுவிடும். “வெட்டு சாய்வா இருக்கணும் தம்பி, தண்ணி நிண்டா அழுகிப்போகும்” என்று ஒருமுறை எனக்குச் செய்து காட்டினார். அவருடைய தோட்டத்துச் செடிகளில் அரைவாசி அவருடைய கத்தியைக் கண்டவை.

பிரஜாவுரிமை அவருக்கு நடுவயது கடந்த பிறகே கிடைத்தது. அதுவரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகப் பதிவேடுகளில் இருந்தவர், தமது மலையை மட்டும் அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தார். ஆனி ஆடியில் தென்மேல் பருவக்காற்று அட்டன் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது எந்தக் கான் முதலில் உடையும் என்பது அவருக்குத் தெரியும். தை மாதத்தில் பனி விழுந்து கொழுந்து கருகும் பள்ளம் எது என்பதும் தெரியும். சிறுத்தை எந்த ஓடையோரமாகக் காட்டிலிருந்து இறங்கி எந்த மேட்டால் திரும்பிப் போகும் என்று கைகாட்டிச் சொல்லுவார். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்குகளைக் கண்டால் அவிழ்த்து எறிந்துவிட்டு, வைத்த இளைஞரைத் தேடிப்போய்த் திட்டுவார்.

வேலை முடிந்ததும் மாட்டுக்குப் புல் அறுக்கப் போவார். பால் விற்ற காசில்தான் மூன்று பிள்ளைகளுக்கும் கொப்பி, சப்பாத்து. மழைநாளில் ஓடை பெருகினால் கடைசி மகளைத் தோளில் தூக்கிக் கடந்து பள்ளிக்கூடத்தில் விட்டு, அங்கிருந்து பிரட்டுக்களத்துக்கு ஓடுவார். ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளைத் தோட்டத்தின் உச்சி மலைக்குக் கூட்டிப்போய்ச் சிவனொளிபாத மலையைக் காட்டுவது அவர் வழக்கம். மூத்த மகள் ஆசிரியை ஆனார். அவர் இறந்தபோது வந்த அறிவித்தலில் மகன், மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருந்தனர். மலை மட்டும் இல்லை.

இவரைக் காடு மலைகளை நேசித்தவர் என்று சொல்லலாமா? வயிற்றுப்பாட்டுக்காக மழையில் நனைந்தவரை அப்படி அழைப்பது வறுமைக்குப் பூச்சூட்டுவது ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அட்டைக்கடியும் படங்குச் சாக்கும் அரை வயிற்றுச் சம்பளமும் யாரும் விரும்பி ஏற்றவையல்ல. ஆனால் துரைமார் செய்தால் பொழுதுபோக்கு, தொழிலாளி செய்தால் வெறும் பிழைப்பு என்று பிரித்துவிடுவதும் அநீதியே. ஞாயிற்றுக்கிழமை உச்சி மலைக்கு ஏறுவதற்கு அவருக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை. ஆறு நாளும் மலையில் உழைத்தவர் ஏழாம் நாளும் பிள்ளைகளோடு மலைக்கே போனார் என்றால், அது அவருடைய சொந்த விருப்பம். அந்த விருப்பத்தைப் பதிவு செய்யும் கடமை நமக்கு உண்டு.

அவருடைய அறிவும் சாதாரணமானதல்ல. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கிச் சில நாட்களில் இறந்தது. சிறுத்தை நடமாடும் வழிகளை ஆய்வாளர்கள் இன்று கருவிகள் வைத்துத் தேடுகிறார்கள். அவர்களுக்கு உதவக்கூடிய பலர் லயங்களில் சத்தமின்றி இறந்துகொண்டிருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டபோது, மண்ணுக்குள் இருப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்றும், இல்லை அதைவிடக் குறைவு என்றும் செய்திகள் நாளுக்கு நாள் மாறின. எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதே உறுதியாகத் தெரியாத ஓர் இடத்தில், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை யார் அறிவார்?

இந்த வேலையைத் தனியொருவராகத் தொடங்கிவைத்தவர் ஸி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். மறு ஆண்டே வந்த சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கியது. தொழிற்சங்கப் பணிக்காகத் தோட்டம் தோட்டமாக நடந்த அவர், போகிற இடமெல்லாம் மக்களின் நாட்டார் பாடல்களைக் கேட்டுத் தொகுத்தார். தேயிலைச் செடியின் அடியில் கல்லும் பெயரும் இன்றிப் புதைந்தவர்களை ஆங்கிலக் கவிதையில் உலகறியச் செய்தார். தோட்டத்துச் சாதாரண மனிதர்களை உரைநடைச் சித்திரங்களில் நிறுத்தினார். 1984இல் அவர் மறைந்தார். அவருக்குப் பிறகும் மலையகத்திலிருந்து நல்ல சிறுகதைகளும் நாவல்களும் வந்திருக்கின்றன. ஆனால் கதை வேறு, பெயரும் ஊரும் கொண்ட வாழ்க்கைக் குறிப்பு வேறு. இரண்டாவது வகை நம்மிடம் மிகக் குறைவு.

கொழும்பிலும் சென்னையிலும் கோத்தகிரியிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் இதை வாசிக்கும் மலையக வம்சாவளியினரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் தந்தையைப் பற்றி, உயிரோடிருந்தால் அவரிடமே கேட்டு, இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். இலக்கியத் தரம் தேவையில்லை. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம் என்று குறியுங்கள். அவருடைய தந்தை எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்தார் என்று கேளுங்கள். என்ன வேலையில் கைதேர்ந்தவர், எந்த நம்பர் மலையில் வேலை செய்தார், எந்த ஓடையில் குளித்தார், ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போனார், பிள்ளைகளுக்கு எதைக் காட்டினார் என்பவற்றை எழுதுங்கள். கொழுந்து கிள்ளிய தாய்மாரைப் பற்றியும் அவ்வாறே எழுத வேண்டும். அவர்களுடைய பதிவு தந்தையரின் பதிவைவிட இன்னும் குறைவு.

மரண அறிவித்தலின் பழைய நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. உறவு முறைகள் அப்படியே இருக்கட்டும். அவற்றின் கீழே அவர் வாழ்ந்த மலையின் பெயரையும் அவர் செய்த வேலையையும் சொல்லும் இரண்டு வரி சேர்ந்தால் போதும். பத்திரிகையில் அதற்கு ஆகும் மேலதிகக் கட்டணம் சொற்பம். இனி எந்தச் சட்டம் வந்து உன் தந்தை யார், எங்கே இருந்தார் என்று கேட்டாலும், காட்டுவதற்கு நம் கையில் எழுத்து இருக்கும்.