கொடையும் திறவுகோலும்

கல்லூரியன்னையின் விழாக் காலங்களிற் பழைய மாணவராகிய நாம் அவளுக்குக் கையுறையாக ஏதேனும் கொண்டு செல்லுதல் நெடுநாளைய வழக்கம். முன்னாளில் அது நூல்நிலையத்துக்கு ஓர் அலுமாரியாகவோ, மண்டபத்துக்கு ஒரு மணிக்கூடாகவோ அமைந்தது. இந்நாளிற் கணினிகளும், அவற்றை இணைக்கும் ரவுட்டர் என்னும் வழிப்படுத்தியும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. இக்கொடை போற்றத்தக்கதே. ஆயினும், அதனைக் கொடுக்கும் முறையில் ஒரு குறை உண்டென யாம் கருதுகின்றோம்.

வழிப்படுத்திக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. ஒன்று, கம்பியில்லா இணைப்பிற் சேர விரும்புவார்க்கு உரியது. அது வீட்டுப் படலையைத் திறப்பது போன்றது. மற்றையது, கருவியின் அமைப்புகளையே மாற்றும் அதிகாரம் அளிப்பது. அது பெட்டகத்தின் திறவுகோலை ஒத்தது. பலர் முன்னையதை மாற்றியதும் கடமை முடிந்ததென அமைகின்றனர். பின்னையதோ தொழிற்சாலையில் இட்டபடியே கிடக்கின்றது. அத்தகைய சொற்கள் பல உலகறிந்தவை.

இதனால் விளையும் கேட்டிற்குச் சான்று வேண்டுவோர் 2016ஆம் ஆண்டை நோக்குக. 'மிராய்' என்னும் தீநிரல் ஏறத்தாழ 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மாத்திரமே துணையாகக் கொண்டு, வழிப்படுத்திகளையும் காவற் கமராக்களையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. அவ்வாறு கைப்பற்றிய கருவிகள் அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் 'டைன்' நிறுவனத்தின்மீது ஏவப்பட்டன. பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல, மணிக்கணக்காக எட்டாதொழிந்தன. கருவிகளின் உடையவர்களோ தம் பொருள் பிறர்க்குப் படைக்கலமானதை அறிந்திலர். ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்பிரல் 29 முதல், கருவிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதைச் சட்டத்தால் விலக்கியமை இத்தகைய பட்டறிவின் பயனேயாம்.

இனி, முகவரி பற்றிச் சிறிது கூறுவாம். நான்கு எண்களாலாகிய ஐபி முகவரிகள் மொத்தம் 429 கோடியளவே; உலகிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் அவை போதா. ஆதலின், 192.168 எனத் தொடங்குவன முதலிய சில தொகுதிகள் உள்வழக்கிற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. வழிப்படுத்தி அவற்றைத் தானாகவே பங்கிட்டுக் கொடுக்கும். எனினும், அச்சுப்பொறி போல ஓரிடத்தே நிலைத்து நிற்பவற்றுக்கு மாறா முகவரி வேண்டும். எடுத்துக்காட்டாக, 192.168.1.100 முதல் 200 வரை தானியங்கு பங்கீட்டிற்கு விட்டு, 10 முதல் 50 வரை நிலைமுகவரிகளுக்கு வைத்தல் தகும். இவ்வரையறை இல்லாவிடின் ஒரே முகவரி இரு கருவிகளுக்கு வாய்த்து, இரண்டும் இடர்ப்படும்.

யாம் அறிந்த பாடசாலையொன்றில் இணைப்பை அமைத்துக் கொடுத்த அன்பர், கடவுச்சொல்லை எவர்க்கும் எழுதிக் கொடாது கடல்கடந்து சென்றார். புதிய அச்சுப்பொறிக்கு நிலைமுகவரி ஒதுக்க முயன்ற ஆசிரியர் வழியறியாது திகைத்தார். ஈற்றிற் கருவியின் சிறு துளையில் ஊசியை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்கு மீட்டனர். அமைப்புகள் யாவும் அழிந்தன; உலகறிந்த பழைய கடவுச்சொல் மீண்டது; மாணவர் பல கிழமைகள் இணைப்பின்றி இருந்தனர். அன்பரின் நன்மனத்தை யாம் ஐயுறவில்லை. ஆனால், திறவுகோலைத் தம் கையில் வைத்துக்கொண்டு பெட்டகத்தை வழங்குதல் முற்றிய கொடையாகாது.

கடவுச்சொல்லை எழுதி வைத்தல் ஆபத்தன்றோ எனச் சிலர் வினவுவர். சுவரில் ஒட்டி வைத்தல் ஆபத்தே. உறையிலிட்டு முத்திரை பொறித்து அதிபரின் இரும்புப் பெட்டியில் வைத்தல் அத்தகையதன்று. இணையத்தினூடே வரும் கள்வனின் கை எத்துணைத் தூரம் நீளினும், அவ்விரும்புப் பெட்டிக்குள் நீளமாட்டாது.

ஆதலின், பழைய மாணவர் சங்கங்கள் இனி வழங்கும் ஒவ்வொரு வழிப்படுத்தியோடும் மூன்றினைச் சேர்த்து வழங்குக: புதிதாய் இட்ட நீண்ட கடவுச்சொற்கள் அடங்கிய உறை, எக்கருவிக்கு எம்முகவரி என்பதைக் குறித்த பதிவேடு, இவற்றைக் கையாளப் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருவர். ஒருவர் இடமாற்றம் பெற்றுச் செல்லினும் மற்றவர் இருப்பார். இதற்காகும் பொருட்செலவு சிறிதே. வேண்டுவது ஒரு பிற்பகற் பொழுது. கொடுத்தவர் பெயரைப் பளிங்கிற் பொறிக்குமுன் இதனை நிறைவேற்றுவோமாயின், நம் கொடை அன்னையின் உடைமையாகவே நிலைபெறும்.