எங்கள் மலைப்பாதைக்கு ஓட்டுநர் வேண்டும்

மாண்புமிகு ஒன்றியச் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் திரு. நிதின் கட்கரி அவர்களுக்கு,

ஓட்டுநரில்லா கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2017 ஜூலையில் சொன்னீர்கள். 2023 டிசம்பரில் நாக்பூரில் அதையே மறுபடி சொன்னீர்கள். ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்பது உங்கள் காரணம். அதற்கு நன்றி. ஆனால் அந்த ஒரு காரணம் போதாது. நாளை உங்கள் இடத்துக்கு வருகிறவர் மாற்று வேலை தருகிறோம் என்று சொல்லிவிட்டால், தடை கரைந்துவிடும். சட்டமும் அவருக்குக் கைகொடுக்கும். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்த 2பி பிரிவு, புதுமையை ஊக்குவிப்பதற்காகச் சிலவகை வாகனங்களுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

இன்னொரு காரணத்தைச் சொல்ல, கோத்தகிரிக்குப் பக்கத்தில், அரவேணுவில் இருந்து எழுதுகிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறிவரும் எங்கள் சாலையில், பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் இறங்கும். குட்டியோடு யானை நின்றால் பஸ் ஓட்டுநர் ஹாரனைத் தொடமாட்டார். தள்ளியே நிறுத்தி, பின்னால் வருகிறவர்களையும் கைகாட்டி நிறுத்துவார். மழைநாளில் எதிரே வரும் லாரிக்காரர், மேலே மரம் விழுந்திருக்கிறது என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டுப் போவார். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறுவது காலி ஜீப், இறங்குவது பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிய லாரி என்றால்? யார் பின்னுக்கு எடுப்பது என்பதை இரண்டு ஓட்டுநர்களும் முகம் பார்த்தே முடிவு செய்துகொள்கிறார்கள். இந்தச் சாலை இப்படித்தான் ஓடுகிறது.

முகம் பார்க்க ஆளில்லாத வண்டி என்ன செய்யும்? 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண் மீது குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா கார் மோதியது. நின்றது, பிறகு ஓரம்கட்டுவதற்காக, அடியில் சிக்கியிருந்தவரை ஏறக்குறைய 20 அடி இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கலிபோர்னியா அதன் அனுமதியை நிறுத்திவைத்தது. 2024 டிசம்பரில் குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்ஸித் திட்டத்தையே கைவிட்டது. கோடு போட்ட நகரத்துச் சாலையிலேயே இந்த நிலை.

மனிதர் ஓட்டினாலும் உயிர் போகிறதே என்பார்கள். போகிறது. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். இனி இப்படி நடக்காமல் இருக்க எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். உறுதியான தடுப்புச்சுவர் வேண்டும். சமவெளியில் இருந்து இரவெல்லாம் ஓட்டிவரும் ஓட்டுநர் அடிவாரத்தில் படுத்தெழ ஓர் இடம் வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரை விடக்கூடாது என்பதைச் சோதனைச் சாவடியிலேயே ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்ப ஆள் வேண்டும். எஸ்டேட் வேலை முடிந்து, பஸ் வராமல் இருட்டில் நடக்கும் பெண்களுக்கு இன்னொரு பஸ்ஸும் அதை ஓட்ட ஓர் ஓட்டுநரும் வேண்டும்.

உங்கள் வாக்கு மேடையோடு நின்றுவிடக் கூடாது, ஐயா. 2பி பிரிவின்கீழ் தரும் எந்த விலக்கும் மலைச்சாலைகளில் ஓட்டுநரில்லா வாகனங்களுக்குச் செல்லாது என்று, நீங்கள் பதவியில் இருக்கும்போதே அறிவிக்கை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரவேணுவாசி ஒருவர்